மூக்கக்காவும் ஏப்ரன் சத்தமும்

எங்கள் மீன் தொழிற்சாலையில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். மூக்கு பெரிதில்லை, அது செய்யும் வேலைதான் பெரிது. கூடையைத் திறப்பதற்குள் எந்த மீன் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடுவாள். "மாப்பிள்ளையையும் மோந்து பாத்துதான் கட்டிக்கிட்டியா?" என்று கேலி செய்வோம். "சளி பிடிச்சிருந்த நேரமா பாத்துக் காட்டிட்டாங்கடி" என்பாள்.

அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவள் அவள்தான். எங்கள் கூடத்திலேயே வேலையும் வாங்கிக் கொடுத்தாள். தங்கை சரியான வாயாடி. வெட்டிய மீனைக் குளிர் அறைக்குள் கொண்டுபோய் அடுக்குவாள். தடித்த கதவையும் மீறி அவள் பாட்டு எங்களுக்குக் கேட்கும்.

அந்த அறையின் குழாய்களில் ஓடுவது அமோனியா வாயு. கசிந்தால் தொண்டையையும் நெஞ்சையும் வேகவைத்துவிடும். ஒருமுறை அந்த நாற்றம் வருகிறதென்று மூக்கக்கா கத்த, எல்லோரும் வெளியே ஓடினோம். கடைசியில் பார்த்தால் தரை கழுவும் மருந்து! மீன் வீணாகி, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தோம். அதன்பின் அவள் மூக்கைத் தொட்டாலே "புலி வருது!" என்று யாராவது கத்துவார்கள். அவளும் சூடு கண்ட பூனையாகிவிட்டாள், பாவம்.

அந்தச் சமயத்தில் எங்கள் மேனேஜர் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தார். மூத்தவர்கள் முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமாம் சாமி போடுவார்களாம். அதனால் இனி கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கித்தான் முடிவெடுக்க வேண்டுமாம். கண்ணுக்குப் பூட்டுப் போட்ட மனுஷனுக்குக் காது ஞாபகம் வரவில்லை. நாங்கள் உடுப்புக்கு மேல் மாட்டியிருப்பது விறைப்பான பிளாஸ்டிக் ஏப்ரன். கையைத் தூக்கினால் சரசரவென்று காட்டிக்கொடுக்கும். யார் எங்கே நிற்பார்கள் என்பதும் எங்களுக்கு மனப்பாடம். சீக்கிரமே காதால் பார்க்கக் கற்றுக்கொண்டோம். வாயைத் திறந்து பேசுகிற தொல்லை விட்டது என்று சந்தோஷம் வேறு.

அன்று காலை தங்கைக்குப் புது ஏப்ரன் வந்தது. "கழுத்துல குத்துதுக்கா" என்றாள். "எல்லாம் பழகிடும், போடி" என்று மூக்கக்காதான் பட்டையைக் கட்டிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லேசா அமோனியா நாத்தம் அடிக்குதுடி."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

தயங்கித் தயங்கி மேனேஜரிடம் சொன்னாள். அவர் கசிவு பார்க்கும் மீட்டரைக் காட்டினார், முள் அசையவில்லை. "இருந்தாலும் எல்லாரையும் கேட்டுடலாம்" என்று எங்களைக் கூட்டினார். "கண்ணை மூடுங்க. வேலை நடக்கட்டும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தங்கை நின்ற பக்கம் ஏப்ரன் சரசரத்தது. அடுத்து, என் தோளுக்குப் பக்கத்தில் மூக்கக்காவின் ஏப்ரன். மூக்கே சரியென்ற பிறகு எங்களுக்கு என்ன வந்தது? கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. கண்ணைத் திறக்கச் சொன்ன மேனேஜர், "ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும்!" என்று பூரித்துப் போனார்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே குளிர் அறைக்குள் குழாய் மூட்டு விட்டுவிட்டது. தங்கையை இழுத்து வெளியே போட்டபோது அவள் வாயில் நுரை. உயிர் பிழைத்தாள். குரல் போய்விட்டது; காற்று மட்டும்தான் வருகிறது. விசாரிக்க வந்தவர்களிடம் மேனேஜர், "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று கையைக் கழுவிவிட்டார். அதைப் பொய்யென்று சொல்லவும் எங்களால் முடியவில்லையே.

ஆஸ்பத்திரிக்கு நானும் போயிருந்தேன். அந்தக் காற்றுக் குரலிலேயே தங்கை பேசத் தொடங்கிய நாளில் மூக்கக்கா அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"உள்ள போறவ நீ. நீயே முதல்ல கை தூக்கினதாலதான்டி நானும் தூக்கினேன். ஏன்டி தூக்கினே?"

தங்கை உதட்டை அசைத்தாள். மூக்கக்கா காதை அவள் உதட்டருகே கொண்டுபோனாள்.

"நான் முதல்ல தூக்கவே இல்லையேக்கா. கழுத்து அரிச்சுது, சொறிஞ்சேன். அப்புறம் உன் ஏப்ரன் சத்தம் கேட்டுச்சு. அக்காவே தூக்கிட்டா, பயமில்லைன்னு நானும் தூக்கினேன்."

மூக்கக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, வாயைத் திறந்து உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடி" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.