வாசிக்காத பெயர்

பேய், ஆவி, சகுனம் எதுவும் எனக்கு ஒத்துவராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்திரமோ ரேஷன் கார்டோ, அப்பா என்னிடம்தான் நீட்டுவார், நான் வாசித்ததுதான் அவருக்கு நிஜம். அதனால் எழுதியிருப்பதை மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது.

லண்டன் கிங்ஸ்பரியில் மிஸஸ் நோவாக் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். எண்பதைத் தாண்டியவர். பிறந்தது அமெரிக்காவில், சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர், கல்யாணமாகி லண்டன் வந்தவர். அந்த ஊரையும் அதன் கத்தோலிக்கப் பங்கையும், அதாவது கோயிலையும் அதைச் சேர்ந்த சபையையும், உண்டாக்கியதே செக் நாட்டிலிருந்து பிழைக்கப் போன விவசாயிகள்தானாம். மரமே இல்லாத சமவெளி என்பதால் மண்கட்டிகளை வெட்டி வீடு கட்டி, அதில் ஒன்றையே முதல் கோயிலாக வைத்துக்கொண்டார்கள். சாமியார் குதிரையில் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் ஒரு விவசாயியே ஜெபம் சொல்லி, பிறந்தவர் இறந்தவர் பெயரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது ஊர்க்காரர்கள் பங்கின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போகிறார்கள். அந்தப் பழைய செக் கையெழுத்தைப் படிக்க அங்கே ஆளில்லை, அதனால் நோட்டின் நகலை இவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

இவருக்கு வாசிக்க வரும், டைப் அடிக்க வராது. எனக்கு நேர்மாறு. சனிக்கிழமை மதியங்களில் சேர்ந்து உட்கார்ந்தோம். செக் எழுத்து எனக்குப் பிடிபடாததால், அவர் வாசிக்கும் பெயரைக் காதில் விழுந்தபடி தமிழில் கிறுக்கிக்கொள்வேன், கை ஓடுவது தமிழில்தானே. பக்கம் முடிந்ததும் நான் திருப்பிப் படிப்பேன், அவர் எழுத்து எழுத்தாகச் சொல்ல லேப்டாப்பில் ஏற்றுவேன். என் வாயில் அந்தப் பெயர்கள் படும் பாட்டுக்கு அவர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

மூன்றாவது சனிக்கிழமை, மூணு மணி இருக்கும், நல்ல வெயில், பக்கத்து வீட்டில் மெஷினில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திருப்பிப் படித்துக்கொண்டே வந்தேன். யோசெஃப், மரியா, வாட்ஸ்லாவ், அனெஷ்கா. அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அதை நான் வாசிக்கலையே."

நகலைப் பார்த்தோம். வாட்ஸ்லாவுக்கு அடுத்து யான். நடுவில் ஒரு வரிக்கு இடம்கூட இல்லை. என் நோட்டிலோ, என் கையெழுத்தில், "அனெஷ்கா. தண்ணி ஊத்தியாச்சு" என்று இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், எழுதிய ஞாபகம் இல்லை, அர்த்தமும் தெரியவில்லை. அவருக்கு இங்கிலீஷில் சொன்னதும் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்துவிட்டார்.

யான் அவருடைய தாத்தா. கூடவே ஒரு பெண் குழந்தையும் பிறந்து ஒரு மணி நேரத்தில் இறந்துவிட்டதாம், பெயர்கூட யாருக்கும் தெரியாது. சாமியார் இல்லாத ஊரில் குழந்தை சாகக் கிடந்தால், மருத்துவச்சியே தலையில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொன்னால் போதும், ஞானஸ்நானம் ஆகிவிடும். அப்படி நோட்டில் இருந்தால் கல்லறைத் தோட்டத்துக்குள்ளே அடக்கம். இல்லாததால் அந்தக் குழந்தை வேலிக்கு வெளியே போனது. தாத்தா சாகும்வரை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் ஜெபம் சொல்வாராம். இப்போது அந்தக் காலத்தில் இறந்த குழந்தைகளுக்கென்று ஊர்க்காரர்கள் ஒரு கல் நடப் போகிறார்கள், நோட்டில் உள்ள பெயர்களை மட்டும் வெட்டுவார்களாம்.

"யானுக்கு மேலே சேர்த்துடு," என்றார். "ஒரு வரிதானே, யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியுமே. முடியாது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

கூட வேலை செய்கிற கேசவன் அண்ணையிடம் சொன்னேன், யாழ்ப்பாணத்துக்காரர். "வேலை கூடிப்போச்சு தம்பி, போய் நித்திரை கொள்ளு," என்றார். பிறகு அவரே, போனில் ஒன்றும் பதியவில்லையா என்று கேட்டார். உச்சரிப்புக்காகப் பதிவதுண்டு, எனக்குத் தோன்றவே இல்லை. அவருடைய காரில் உட்கார்ந்து கேட்டோம். மிஸஸ் நோவாக் வாட்ஸ்லாவ் என்கிறார். உடனே புல் வெட்டும் சத்தம் நின்றுபோகிறது. அப்புறம் என் குரல் மட்டும்.

"மெதுவா சொல்லுங்கம்மா."

கொஞ்சம் அமைதி. "ம்." மறுபடி அமைதி. "எழுதிட்டேன்." புல் மெஷின் சத்தம் திரும்ப வருகிறது, அவர் யான் என்கிறார்.

"நீ அந்த மனுசியோட தமிழிலயோ கதைக்கிறனி?"

"ஒரு நாளும் இல்ல அண்ணை."

அண்ணை போனை என் மடியில் வைத்தார். "இதை இனி எனக்குப் போட்டுக் காட்டாதை."

பட்டியலை அந்தப் பழைய நோட்டில் இருந்தபடியே ஊருக்கு அனுப்பினேன், ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை. கூடவே தனித்தாளில் அன்று நடந்ததை நடந்தபடி எழுதி, நானும் மிஸஸ் நோவாக்கும் கையெழுத்துப் போட்டோம். பைத்தியம் என்று நினைப்பார்கள் என்றிருந்தேன். மூன்று மாதம் கழித்துக் கல்லின் போட்டோ வந்தது. எல்லாப் பெயருக்கும் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, அனெஷ்கா. அதைப் பார்த்து அவர் அழுதது எனக்குப் போதும்.

ஆனால் இன்றைக்கும் ஒன்று உறுத்துகிறது. மெதுவாகச் சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன் என்றால், பதிவில் குரல் விழாத அந்த அம்மா வேகமாகச் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை செத்து அத்தனை காலம் ஆன பிறகும் அப்படி என்ன அவசரம்?