வெளிச்சம் பத்தாத கடை

"இந்தக் கடையில வெளிச்சமே பத்தலம்மா."

ஹனீஃபா பாய் தினமும் சொன்ன வார்த்தை இது. ஷட்டரைத் தூக்கும்போது ஒரு தடவை சொல்வார், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை, சாயங்காலம் போகிற வருகிற எல்லோரிடமும். பெரிய கடை வீதியிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில் அவருக்கு மேட்சிங் கடை. ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ், நூல்கண்டு. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி நான் அங்கேதான் போவேன். எங்கள் பக்கத்திலும் கடை இல்லாமல் இல்லை. ராமர் பச்சை கேட்டால் கடைக்காரன் கிளிப்பச்சையை எடுத்துப் போட்டு, "ஒரு தடவை தோய்ச்சா சரியாயிடும் மாமி" என்பான்.

மேட்சிங் கடைக்கு என்று ஒரு பழக்கம் உண்டு. உள்ளே பார்த்த கலரை எந்தப் பொம்பளையும் நம்ப மாட்டாள். புடவையையும் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் மனசு ஆறும். கடைக்காரரும் கூடவே இறங்கி வருவார். அதனால் மேட்சிங் கடைக்காரர் வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்வது, மளிகைக் கடைக்காரர் எலித் தொல்லை என்று சொல்வது மாதிரி. யார் காதிலும் ஏறாது.

பல்பை மாற்றினார். டியூப்லைட் போட்டார். ஒயரிங் பார்க்க வந்த ரசூல் நொந்துபோய்ச் சொன்னார்: "பாய், இதுக்கு மேல வெளிச்சம் வேணும்னா கூரையத்தான் பிரிக்கணும். அதுக்கு நான் ஆளில்ல."

பாயின் ஒரே மகள் சம்ரீன். கண் பரிசோதனைப் படிப்பு. மூன்று வருஷம் காலேஜ், நாலாவது வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கிடைத்தது. மாசாமாசம் கொஞ்சம் ஸ்டைபண்டு பணமும் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட வருஷத்தைப் பிள்ளைகள் எப்படிக் கழிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? காலையில் விரலை வைத்து வருகையைப் பதிந்துவிட்டு, கேன்டீனில் உட்கார்ந்து போனை நோண்டி, கடைசியில் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு, "அங்க ஒண்ணுமே சொல்லித் தரல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

சம்ரீன் அந்த ரகம் இல்லை. கேட்டுக் கேட்டு வேலை வாங்கினாள். டியூட்டி முடிந்த பிறகும் மெஷின் பக்கத்தில் நின்று கற்றாள். ஞாயிற்றுக்கிழமை கிராமங்களில் நடக்கிற கண் பரிசோதனை முகாமுக்கு, இஷ்டமிருந்தால் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். கூடப் படிக்கிறவர்களுக்கு இஷ்டம் வரவில்லை. இவள் ஒன்று விடாமல் போனாள். காரணம் இருந்தது. வருஷக் கடைசியில் பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவரை ஆஸ்பத்திரியே வேலைக்கு வைத்துக்கொள்ளும். அந்த ஒரு ஆள் தான்தான் என்று அவள் முடிவு செய்திருந்தாள். ரெடிமேட் ரவிக்கை வந்ததிலிருந்து பாய்க்குக் கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. இனிமேல் அந்த வீடு ஓடுவது அந்த வேலையை நம்பித்தான்.

முதல் ஸ்டைபண்டில் அவள் வாங்கியது அத்தாவின் கடைக்கு ஒரு விளக்கு. தட்டையாக, சதுரமாக, தலைக்கு மேலே ஒட்டவைக்கிற எல்.ஈ.டி. கண் கூசும். பாய் வருகிறவர்களையெல்லாம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்.

"மக வாங்கிக் குடுத்தது மாமி. கல்யாண மண்டபம் மாதிரி இல்ல?"

பத்து நாள் போயிருக்கும். மயில்கழுத்துப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். துணியைத் தேடிக்கொண்டே சொன்னார்: "என்ன லைட்டு போட்டு என்ன, வெளிச்சம் பத்தலம்மா."

அவர் மனைவி ரஷீதா டீ கொண்டுவந்து கைப்பக்கம் வைத்தாள். திரும்பின வேகத்தில் பாய் டம்ளரைத் தட்டிவிட்டார்.

"கண்ணு முன்னாடிதான வச்சேன். கை பாட்டுக்குத் தட்டுது. வயசு என்ன ஆவுது உங்களுக்கு?" என்று அவள் துணியால் துடைத்தாள்.

"நீ எங்க முன்னாடி வச்ச? ஒளிச்சுல்ல வச்ச."

நாங்கள் சிரித்தோம். கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோக்கிறவரை என்னவென்று சந்தேகப்படுவது?

அந்த வாரம் தொட்டியத்தில் முகாம். வாழைத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா, படிக்கக் கண்ணாடி வேண்டும் என்று வந்திருக்கிறாள். போகிறபோக்கில், தோட்டத்தில் நடந்தால் வாழை மட்டையில் தோள் இடிக்கிறது என்றும் சொல்லியிருக்கிறாள். சம்ரீன் கண்ணாடியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கண்ணுக்குள் அழுத்தத்தைப் பார்த்தாள். கூடியிருந்தது. குளுக்கோமா. பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும், நடுவில் உள்ளதைக் கடைசியில்தான் தொடும். வலிக்காது, அதனால் தெரியாது. தோள் இடிக்கிறது என்று சொன்னதைக் காதில் வாங்கினதற்காக டாக்டர் சித்தார்த்தன் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார். வேலை அன்றைக்கே பாதி உறுதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவர் கண்ணையும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் அவருக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை முகாம். "எனக்கு என்ன, நல்லாத்தான் தெரியுது. நீ மொதல்ல ஒன் வேலையப் பாரு" என்று அவரும் சொல்லிவிட்டார்.

சம்ரீனின் பயிற்சி வருஷம் முடியப்போகிற சமயம். மழை விட்ட ஒரு நாள், வெங்காயச் சருகு நிறத்தில் ஒரு புடவையோடு போனேன். பாய் இரண்டு துணி எடுத்துப் போட்டார். எனக்குத் திருப்தியில்லை. "வாங்க, வெளிச்சத்துல பார்ப்போம்" என்று எனக்கு முன்னால் சந்தில் இறங்கினார். இடதுபக்கத்திலிருந்து ஒரு பைக் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. நான் பார்த்தேன். எதிர்க்கடைக்காரர் பார்த்தார். பாய் திரும்பக்கூட இல்லை, நேராகப் போய் வண்டியில் மோதினார்.

நல்லவேளை, அது மெதுவாக வந்த வண்டி. மணிக்கட்டு பிசகி, முழங்கை சிராய்த்தது.

"ஹார்ன் அடிச்சுக்கிட்டேதான பாய் வர்றேன்?" என்று பதறினான் வண்டிக்காரன்.

"நீ எங்கேருந்துப்பா வந்த?" என்றார் பாய். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப் போட்டுக் கொண்டுவந்து கடையில் உட்காரவைத்தோம். போன் போட்டதும் சம்ரீன் ஆஸ்பத்திரிக் கோட்டோடு ஓடிவந்தாள். எப்படி ஆச்சு என்றாள். பார்த்ததைச் சொன்னேன்: "பக்கத்துல வந்துடுத்தும்மா வண்டி. இவர் திரும்பவே இல்ல."

அவள் முகம் மாறியது. ஸ்டூலை இழுத்து அத்தாவுக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். தன் கையால் அவருடைய வலது கண்ணை மூடினாள். இன்னொரு கையைப் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினாள்.

"அத்தா, என் மூக்கையே பாருங்க. வெரலு ஆடுதா?"

"எந்த வெரலு?"

கையைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். இன்னும் கொஞ்சம். அவள் விரல் அவள் காதுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் "ஆங், இப்ப ஆடுது" என்றார். அடுத்த கண்ணும் அப்படியேதான்.

"கையில அடிபட்டா கண்ணுல என்ன வெளையாட்டு?" என்று சிரித்தார் பாய்.

அவள் எழுந்தாள். தலைக்கு மேலே தான் வாங்கிப் போட்ட விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அது பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், ஓரப் பார்வையை அளக்கிற மெஷினில் அவரை உட்காரவைத்ததும் அவள்தான். வந்த படத்தில் சுற்றிலும் கறுப்பு, நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. அந்த வெள்ளையை வைத்துக்கொண்டுதான் மனிதர் நூல் கோத்துக்கொண்டிருந்திருக்கிறார். "போனது போனதுதான்மா. இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்" என்றார் சித்தார்த்தன். முன்னாலேயே பார்த்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமில்லை, அவளுக்கே தெரியும்.

அடுத்த வாரம் வேலைக்கு ஆர்டர் வந்தது. போக மாட்டேன் என்றாள். நான் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனபோது வீட்டில் அந்தப் பேச்சுத்தான்.

"ஊரு கண்ணையெல்லாம் பார்த்தா, வீட்டுல..." என்று ஆரம்பித்த ரஷீதா பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பேச்ச விடு ரஷீதா," என்றார் பாய். மகள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். இப்போது யாரையும் அப்படித்தான் பார்க்க முடிகிறது. "ஏம்மா, நீ வேலைக்குப் போவலைன்னா என் கண்ணு திரும்பி வருமா?"

"வராதுத்தா."

"அப்புறம் என்ன?"

"அந்த மெஷின் கிட்டப் போகவே முடியலத்தா. யாரு உட்கார்ந்தாலும் நீங்கதான் உட்கார்ந்திருக்க மாதிரி இருக்கு."

பாய் சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "சொட்டு மருந்து ஆயுசுக்கும் விடணுமாம். கடை இருக்குற லட்சணத்துக்கு அத யாரும்மா வாங்குறது?"

அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். யாரும் ஸ்வீட் கொடுக்கவில்லை.

இப்போது கடையில் சந்துக்கு இறங்குவது ரஷீதாதான். பாய் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கண் தெரியாதவர் கடையில் என்ன மேட்சிங் என்று ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள், இருந்த கூட்டமும் போய்விட்டது. பேசுகிறவர்களின் வாயில் நல்ல சூடத்தைக் கொளுத்திப் போட வேண்டும். வெளிச்சம் பத்தவில்லை என்று பாய் இப்போது சொல்வதே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த காலமே தேவலை.

சம்ரீனுக்கு இன்னமும் ஞாயிறு முகாம்தான், லீவு புதன்கிழமை. அன்றைக்குக் கடைக்கு வந்து அத்தாவின் இடதுபக்கம், அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். முன்பெல்லாம் வாய் ஓயாது. இப்போது கேட்டால்தான் பதில்.

பெரிய கடை வீதிக்குப் போகிறவர்கள் அந்தச் சந்துக்குள்ளும் ஒரு நடை போய்வாருங்கள். பக்கத்தில் நின்று கூப்பிடாதீர்கள், நேர் எதிரில் போய் நில்லுங்கள். கலர் தப்பாது, வெங்காயச் சருகுக்கு அவர் கொடுத்ததைத்தான் தைத்துப் போட்டிருக்கிறேன். புதன்கிழமை போனால், நாற்பது தாண்டின யாரையும் சம்ரீன் விட மாட்டாள். ஸ்டூலைப் போட்டு, "என் மூக்கையே பாருங்க" என்பாள். துணி வாங்க வந்த இடத்தில் இது என்ன என்று சிலர் முறைத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் முறைக்காதீர்கள். உட்கார்ந்து, அவள் மூக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.