ஐந்தாம் வகுப்பு இழுத்து வந்த கல்

எனக்கு அப்போது முன்கோபம் அதிகம். இப்போது குறைந்துவிட்டது என்று யாரும் சொன்னதில்லை. 1991-இல் ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தேன். பள்ளிக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். ஒன்றும் இரண்டும் தலைமை ஆசிரியருக்கு, மூன்றும் நான்கும் ஐந்தும் எனக்கு. வகுப்பைப் பங்கு பிரித்ததில் அவர் புத்திசாலி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் எங்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியின் நன்மைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், தினமும் டிரில் வைக்க வேண்டும் என்றார்கள். எனக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து காலையில் ஓட்டம், குனிந்து நிமிர்தல், தாண்டிக் குதித்தல் என்று பசங்களைப் படுத்தி எடுத்தேன். ஓடினால் நெஞ்சுக்கு நல்லது, குனிந்தால் முதுகுக்கு நல்லது, கனம் தூக்கினால் தோளுக்கு நல்லது என்று பாட்டாகவே பாடவைத்தேன்.

தூக்குவதற்குத்தான் பள்ளியில் ஒன்றும் இல்லை. "ஆளுக்கொரு கல் கொண்டு வாங்க. உங்களால் தூக்க முடிகிற கல்லா இருக்கணும்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், சத்தியமாக.

மறுநாள் ஒருத்தன் அம்மிக் குழவியோடு வந்தான். அவன் பின்னாலேயே அவன் அம்மா, கையில் துடைப்பத்தோடு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், மாட்டுக் கயிற்றில் கட்டி ஒரு கருங்கல்லை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். முன்னால் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தவள் ஒரு சிறுமி. ஓட்டத்தில் பையன்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளுகிறவள். உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் பல். நான் கைதட்டினேன். பட்டணத்தில் வளர்ந்த எனக்கு, நீளமாக, தலையில் கோடு வெட்டியிருக்கிற கல் என்னவென்று தெரியுமா?

தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது? சர்வே கல்லைப் பிடுங்கியாந்து வெச்சிருக்கீங்க! போலீஸ் கேசும்மா!"

அந்தச் சமயம் ஊரில் நிலத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆண்கள் பாதிப் பேர் மறைமலை நகருக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்த ஃபாக்டரி நம்ம ரோட்டோரம்தான் வருகிறது என்று டீக்கடையில் சத்தியம் பண்ணுவார்கள். ஸ்கூட்டரில் புரோக்கர்கள் வந்து வரப்பில் நின்று கண்ணாலேயே கழனியை அளந்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட ஊரில் என் பசங்கள் எல்லைக் கல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள், தோளுக்கு நல்லது என்று.

கல்லைப் பார்த்ததும் சமையல் கூடத்திலிருந்து எங்கள் சத்துணவு ஆயா ஓடி வந்தாள். புருஷன் இல்லாதவள். ரோட்டோரம் அவளுக்குத் துண்டுக் கழனி ஒன்று உண்டு. அதுதான் அவளுடைய மொத்தச் சொத்து.

"ஐயோ டீச்சர், இது என் மூலைக் கல்லு! எனக்கும் பக்கத்துக் கழனிக்காரருக்கும் நடுவுல இந்த மூலைக்கு இது ஒண்ணுதான் சாட்சி. இனிமே அவரு எங்க கைய காட்றாரோ அதான் எல்லைன்னுவாரு. நான் இன்னா பண்ணுவேன்?"

பக்கத்துக் கழனிக்காரர் ஊரில் கொஞ்சம் பெரிய கை. கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து வந்தாளே, அவளுடைய அப்பா. சேதி போய் அவரும் வந்தார், பின்னால் பாதி ஊரும் வந்தது. எடுத்ததும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லிக் குடுன்னா கல்லு பிடுங்கச் சொல்லித் தர்றியா?"

கொஞ்ச நேரம் கத்திவிட்டு அவரே இறங்கி வந்தார். "செரி வுடு. பசங்க தெரியாம செஞ்சிடுச்சி. குழி அங்கயேதான கீது? நானே நட்டுடறேன். போலீசு கீலீசு ஒண்ணும் வேணாம்."

தலைமை ஆசிரியர் அவரைக் கும்பிடாத குறை. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. எல்லோரும் கழனிக்கு நடந்தோம். ஆயா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

குழி அங்கேதான் இருந்தது, முழங்கால் ஆழத்துக்கு. என்னதான் சமாதானம் ஆனாலும் என் கோபம் எங்கேயாவது இறங்க வேண்டுமே, பிள்ளைகள் மேல் இறங்கிற்று. "எப்படிடா பிடுங்கினீங்க இதை?"

"நாலு ஆட்டு ஆட்டினோம் டீச்சர். வந்துடுச்சி."

நாலு ஆட்டில் வந்துவிட்டதா? வரப்பின் அடுத்த முனையில் இன்னொரு கல், அதே மாதிரி, தலை மட்டும் தெரிய நின்றிருந்தது. "எங்கே, அதைப் பிடுங்குங்க பார்ப்போம்," என்றேன். சர்வே கல் எவ்வளவு ஆழம் நடுவார்கள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. பசங்கள் பொய் சொல்கிறார்கள், பெரியவன் எவனோ கூட இருந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

நாலு பேரும் பாய்ந்தார்கள். ஆட்டினார்கள், கட்டிப்பிடித்து இழுத்தார்கள், கயிறு போட்டு இழுத்தார்கள். முகம் சிவந்து மல்லாக்க விழுந்தார்கள். கல் அசையவில்லை. கூட்டம் சிரித்தது.

"உங்க எக்சசைஸ் இவ்ளோதானா டீச்சரம்மா?" என்றார் கழனிக்காரர். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக.

"ஆமாங்க," என்றேன். என் டிரில்லைப் பற்றி நானே ஊர் நடுவில் அப்படிச் சொல்லுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. "என் பசங்களுக்கு அவ்வளவு பலம் கிடையாது. அப்புறம் இந்தக் கல் மட்டும் எப்படி வந்தது?"

"மழையில மண்ணு இளகிடுச்சி."

"அந்தக் கல் மேலயும் அதே மழைதானே பெய்தது?"

சிரிப்பு நின்றது. அவர் மகளுக்கோ, டீச்சர் தன் பலத்தைச் சந்தேகப்படுகிறாளே என்று ஒரே ரோஷம். பாவாடைச் சேற்றைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"டீச்சர், இந்தக் கல்லு லூசா இருக்கும்னு எனக்குத் தெரியும் டீச்சர். அதான் இதப் பிடுங்கலாம்னு நான் சொன்னேன். எங்கப்பாதான் இத அந்தாண்டேருந்து எடுத்தாந்து இங்க நட்டாரு. நான்தான் மண்ணை மிதிச்சி கெட்டி பண்ணேன். செரியா மிதிக்கல போல."

கை நீட்டி இடத்தையும் காட்டினாள். அவர்கள் கழனிக்குள், ஏழெட்டு முழம் தள்ளி. நடுவில் இருந்ததெல்லாம் ஆயாவின் மண்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. அப்பாவோடு வேலை செய்த பெருமை இன்னும் முகத்தில் இருந்தது. அப்பா கை ஓங்கியதைப் பார்த்துத்தான் அது போயிற்று. யாரும் நகரவில்லை, நான் உட்பட. ஆயாதான் பாய்ந்து போய் அவளைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அடிக்காத! புள்ள மேல கைய வெச்ச, நடக்கறதே வேற!" என்று கத்தினாள். அவள் குரல் உயர்ந்து அதுவரை நான் கேட்டதில்லை. எங்கள் ஊர் நியாயம் அன்றைக்கு எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நிலத்தைப் பறிகொடுத்தவள் பறித்தவனின் மகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் தாலுக்கா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்தார். அந்தப் பெண் காட்டிய இடத்துக்கும் கணக்குக்கும் ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. ஆழக் குழி தோண்டி, ஜல்லி கொட்டிக் கல்லை நட்டார்கள். ஆயாவின் கழனி ஆயாவுக்கே வந்தது.

கல் நட்ட அன்று வகுப்பில் அந்தப் பெண் இல்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். மத்தியானம் சோற்றுக் குண்டானை இறக்கி வைத்துவிட்டு ஆயா என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். சந்தோஷமாகப் பேசப் போகிறாள் என்று நிமிர்ந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அந்தப் புள்ளய வாலாஜாபாத்துல அத்த வூட்டுக்கு அனுப்சிட்டாங்களாம் டீச்சர். மூஞ்சிலயே முழிக்காதன்னுட்டாராம் அவங்கப்பா. காலைல பஸ் ஏத்தி வுட்டாங்களாம், அழுதுக்கினே போச்சாம். எனக்கு நெலம் வந்துச்சி. அந்தப் புள்ளைக்கு வூடே பூட்ச்சே டீச்சர்."

வெளியே பசங்கள் தட்டோடு வரிசையில் நின்று, இன்றைக்கு ஏன் டிரில் வைக்கவில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.