வெள்ளிக்கிழமை பாத்திக்

செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் வெனிங்குக்கு வயிறு எரியத் தொடங்கியது. அதுவரை புகைந்துகொண்டு மட்டும் இருந்தது.

ஜாவாத் தீவின் செமராங் நகரில் நான்கு வருடமாக அவளோடு ஒரே அறையில் இருந்து படித்தவள் கெண்டிஸ். வெனிங்கை நேர்காணலுக்கு அழைத்த அதே மூலிகை மருந்துத் தொழிற்சாலை அன்று அவளையும் அழைத்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் தரம் பார்க்கும் வேலை; இருந்ததோ ஒரே ஓர் இடம். வெனிங் வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். கெண்டிஸ் இரண்டு பாடத்தைத் திரும்ப எழுதி, தட்டுத் தடுமாறிப் பட்டம் வாங்கியவள். அவளுக்கும் அழைப்பு, இவளுக்கும் அழைப்பு என்றால் விழுந்து விழுந்து படித்ததற்கு என்னதான் மரியாதை?

புதன்கிழமை இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். வெனிங் பதினான்கு கேள்விக்கும் பதில் எழுதி உருப்போட்டு வைத்திருந்தாள். கட்டிலில் அதிகாரி மாதிரி உட்கார்ந்துகொண்டு, உங்களை ஏன் எடுக்க வேண்டும் என்று கெண்டிஸிடம் கேட்டாள்.

வாயில் இருந்த சோயாத் தெம்பே வறுவலை மென்றுகொண்டே கெண்டிஸ் சொன்னாள்: "எடுக்கலைன்னா நஷ்டம் உங்களுக்குத்தான் ஐயா. எங்கம்மா முதுகுல கூடை கட்டித் தெருத்தெருவா ஜாமு விக்கிறவங்க. கஷாயத்துல ஒரு சரக்கு குறைஞ்சாலும் என் மூக்கு சொல்லிடும்."

வெனிங் சிரித்தாள். சிரித்தபடியே தன் பதினான்கு பதில்களையும் நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இப்படி இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது இவளை வைத்துச் சொன்னதுதான் போலும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து செய்தி வந்தது. நாளை வெள்ளிக்கிழமை என்பதால் அலுவலகத்தில் எல்லோரும் மெழுகுச் சாயப் பாத்திக் சட்டையில் இருப்பார்கள், வருகிறவர்களும் பாத்திக்கே உடுத்தி வரவும் என்று இருந்தது. கெண்டிஸின் போனில் நெட் தீர்ந்திருந்தது. ஏதாவது சொன்னார்களா என்று வெனிங்கிடம் கேட்டாள். கெண்டிஸுடைய ஒரே பாத்திக்கைத் தங்கை ஊருக்கு எடுத்துப் போய்விட்டாள். வெனிங்கிடம் இரண்டு இருந்தன.

"என்ன சொல்லப் போறாங்க? வழக்கம்போல கறுப்பு வெள்ளைதான்," என்றாள் வெனிங்.

நேர்காணலுக்குக் கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் போடாதவர் அந்த ஊரில் யார்? கெண்டிஸ் நம்பினாள். மறுநாள் காலையில், சான்றிதழ்களை நகல் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பாத்திக்கின் மேல் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, வெனிங் முன்னதாகவே வாடகை பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.

தொழிற்சாலையில் கறுப்பு வெள்ளையில் இருந்தவர்கள் பயிற்சிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் மட்டுமே. கெண்டிஸ் உள்ளே நுழைந்ததும் அவளையும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்று நினைத்து, ஓர் அம்மாள் ஜாமுக் கோப்பைகள் வைத்த தட்டை அவள் கையில் திணித்து, நேர்காணல் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கெண்டிஸ் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். வெளியே பெஞ்சில் இருந்த வெனிங்குக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலிருந்தது.

தட்டைக் கொண்டுபோனவள் உடனே திரும்பி வரவில்லை. கதவு வழியே அவள் குரல் கேட்டது. "ஐயா, தப்பா நினைக்காதீங்க. இதுல கச்சோலம் பழசு, வாசனையே செத்துப்போச்சு." பிறகு உள்ளே சிரிப்பு எழுந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவளை உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வெனிங்கின் முறை வந்தபோது அவள் கேட்டதற்கெல்லாம் பிசகாமல் பதில் சொன்னாள். மிக்க நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை, வேலை கெண்டிஸுக்கு என்று செய்தி வந்தது. அவள் குதிக்கவில்லை. வெனிங்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நெட் போட்டேன். மெசேஜ் வந்துச்சு," என்றாள். "திரும்பி வந்து மாத்த நேரமில்ல. பஸ்ல அழுதுட்டே போனேன்டி."

வெனிங் வாயைத் திறந்தாள். உருப்போட்ட பதில் ஒன்றும் உதவவில்லை.

"ஒண்ணாம் தேதி வேலைக்குச் சேரணும். அதுவும் வெள்ளிக்கிழமை," என்றாள் கெண்டிஸ். "அந்த பாத்திக்கைக் குடு. தேச்சும் நீதான் குடுக்கணும்."

அந்த வெள்ளிக்கிழமை காலையில் வெனிங் தேய்த்தாள். தோள்பட்டையில் ஒரு சுருக்கம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றியதே கேவலமாக இருக்க, அந்த இடத்தை இரண்டு தடவை கூடுதலாக அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். கெண்டிஸ் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தனக்கு இருந்ததைவிட அவளுக்கு அது எடுப்பாக இருந்தது. வெனிங்குக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.