வகுப்பைத் தொடருங்கள்

எங்கள் கல்லூரி அலுவலகத்தில், ஜன்னலை ஒட்டிய மேசையின்மேல் ஒரு மைக் இருக்கிறது. அதன் தலையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும். முதலில் அதைக் கட்டியவர் எங்கள் துணை முதல்வர். வி.பி. மேடம் என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தோம். "கண்டவங்க எச்சி தெறிச்ச மைக்கு, சாரே. அதுக்க முன்னால வாயக் கொண்டு வைக்க எனக்கு மனசு வராது" என்பார். உண்மையில் அந்த நாட்களில் அந்த மைக்கில் அவரைத் தவிர வேறு யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. முதல்வருக்கே அதில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரியாது. ஆனாலும் திங்கட்கிழமைதோறும் கைக்குட்டை மாறும், புதியதில் சோப்பு வாசனை அடிக்கும்.

சின்னக் கல்லூரி எங்களுடையது. குலசேகரம் போகிற சாலையில், ஒரு பக்கம் ரப்பர்த் தோட்டமும் மறுபக்கம் சபையின் கல்லறைத் தோட்டமுமாக நடுவில் அகப்பட்டுக்கொண்ட இரண்டு மாடிக் கட்டடம். ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு ஒலிப்பெட்டி. காலை முதல் வகுப்பு ஆரம்பிக்கும்போது அதில் வி.பி. மேடத்தின் குரல் வரும். மார்த்தாண்டத்தில் நடந்த போட்டியில் நம் கபடி அணி அரையிறுதி வரை போனது, மாடிப்படியில் ஒரு குடை கிடைத்திருக்கிறது, வரலாற்றுத் துறை மாணவர்கள் சனிக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறார்கள், மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். நடந்ததும் நடக்கப்போவதுமாக எல்லாம் சொல்லி, கடைசியில் எப்போதும் ஒரே மாதிரி முடிப்பார்: "இன்றைய அறிவிப்புகள் முடிந்தன. வகுப்பைத் தொடருங்கள்." அதைக் கேட்காமல் நாங்கள் சாக்பீஸைக் கையில் எடுப்பதில்லை. விதி ஒன்றும் கிடையாது, பழக்கம்தான். மின்சாரம் போய் அறிவிப்பு வராத நாட்களில், தொடங்கலாமா கூடாதா என்று அடுத்த வகுப்பு ஆசிரியரின் முகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மேடம் கடற்கரைக்காரர். எங்கள் கல்லூரியில் அப்படி இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். நான் மலையடிவாரத்து ஆள், கடல் எனக்கு விடுமுறை நாளில் போய்க் கால் நனைத்துவிட்டு வருகிற இடம். மைக் முன்னால் மேடம் பேசுகிற தமிழ் அச்சடித்தது மாதிரி இருக்கும். மைக்கை விட்டு விலகினால் பேச்சில் கடற்கரை வந்துவிடும், இழுத்து இழுத்துப் பாட்டாகப் பேசுவார். ஒருமுறை மைக்கை அணைக்க மறந்து, மீன் வாங்கி வந்த அலுவலக உதவியாளரிடம், "சாளை வாங்கினியா, அயலை வாங்கினியா?" என்று கேட்டுவிட்டார். கல்லூரி முழுவதும் கேட்டது. அடுத்த நாள் மாணவர் ஒருவர் அறிவிப்புப் பலகையில் "இன்று அயலை" என்று எழுதிவைத்திருந்தார். மேடமும் சிரித்தார். அதற்குப் பிறகு மைக் விஷயத்தில் அவர் கவனம் தவறியதே இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர.

அந்தப் புயல் வந்த ஆண்டைப் பற்றி இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் விழுந்தன, வாழை போனது, மின்சாரம் பல நாள் இல்லை. நாங்கள் அதையே பெரிய துயரமாகப் பேசிக்கொண்டிருந்தோம். கல்லூரி திறந்தபோதுதான் கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை என்பது எங்கள் வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்தது. நான்கைந்து மாணவ மாணவியரின் அப்பாக்கள் அப்படிப் போனவர்கள். அவர்களில் ஒருத்தி என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படித்தாள், சன்னலோரம் உட்காருவாள். வி.பி. மேடத்தின் தம்பியும் ஒரு படகில் போயிருந்தார்.

கல்லூரிக்குள் செல்போன் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே அப்பா எங்கே என்று தெரியாத பிள்ளைகள் காலையிலிருந்து மாலை வரை ஒரு செய்தியும் இல்லாமல் பற்றும் வரவும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடம்தான் அதற்கு வழி கண்டார். விடிந்ததும் பங்குத் தந்தையையும் துறைமுகத்து ஆட்களையும் கூப்பிட்டு விசாரித்து, வணக்கம் சொன்ன கையோடு முதல் அறிவிப்பாக அதை வாசிப்பார். இன்ன படகு லட்சத்தீவில் கரை சேர்ந்திருக்கிறது, அதில் போனவர்கள் நலம். இன்ன படகை குஜராத் பக்கம் பார்த்ததாகச் சொல்கிறார்கள், உறுதியாகவில்லை. அப்புறம்தான் கபடியும் குடையும். படகின் பெயர் வரும்போது என் வகுப்பில் அந்தப் பெண் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பெட்டியைப் பார்ப்பாள். தன் அப்பாவின் படகு இல்லை என்று தெரிந்ததும் மறுபடி பேனாவைத் திறப்பாள். மேடத்தின் தம்பி போன படகின் பெயரும் ஒருநாளும் வரவில்லை. வராத பெயரை வைத்துக்கொண்டு வந்த பெயர்களை அவர் எப்படி அத்தனை தெளிவாக வாசித்தார் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. எங்கள் கல்லூரியில் கேரல் ஆராதனை பெரிய விஷயம். பாடகர் குழு, டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா, பக்கத்துச் சபைகளிலிருந்து விருந்தினர்கள். துயரத்துக்கு நடுவில் அதை எப்படி நடத்துவது என்று முதல்வருக்குச் சங்கடம். அவர் கெட்டவர் இல்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும். படகுச் செய்தி வாசிக்க அனுமதி கொடுத்ததே அவர்தான். எங்கள் பக்கத்தில் ஒரு சாவு என்றால் நடுவீட்டில் உடல், மாலையில் அடக்கம், மூன்றாம் நாள் ஜெபம் என்று ஒரு முறை இருக்கிறது. முறை முடிந்தால் அண்டை வீட்டில் கல்யாணம் நடத்தலாம். அவர் அந்தப் பழக்கத்திலேயே யோசித்தார். முதலில் ஒரு இரங்கல் கூட்டம், பிறகு கேரல். வகுப்பாசிரியர்களிடம் திரும்பாத அப்பாக்களின் பெயர் கேட்டு, ஒரு தாளில் தட்டச்சு செய்து, மரியாதைக்குக் குறை வரக்கூடாது என்று மேடத்தின் தம்பி பெயரையும் சேர்த்து, ஒரு காலையில் அறிவிப்பு நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

நான் வகுப்பில் இருந்தேன். மேடம் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் சொன்னார், நாட்டு நலப்பணி முகாம் தள்ளிப்போனதைச் சொன்னார். பிறகு முதல்வரின் குரல் சன்னமாகக் கேட்டது.

"இதையும் வாசிச்சிருங்க மேடம்."

தாள் சலசலத்தது.

"இது என்னது சாரே?"

"இரங்கல் கூட்டம். வெள்ளிக்கிழமை வச்சிருவோம். அப்புறம் கேரலுக்கு ஒரு தடையும் இருக்காது. ஒங்க தம்பி பேரும் இருக்கு."

"செத்துப்போனான்னு ஆரு செல்லினது?"

"இத்தன நாளாச்சு, மேடம்."

"நாளு ஆகட்டும். ஒடம்பக் கண்டீங்களா? ஒடம்பு காணாம எங்க கோயில்ல ஒருத்தருக்கும் சாவு மணி அடிக்க மாட்டாவ."

"நான் ஒரு மரியாதைக்குத்தான்..."

"மரியாதை செய்யுங்க, வேண்டாங்கல்ல. ஆனா நான் இதுல வாசிச்சா அது அறிவிப்பு. கேக்குற பிள்ளைங்க நம்பும், சாரே."

ஒரு சொடுக்குச் சத்தம். பெட்டி அடங்கியது. மைக் திறந்திருந்ததை அவர் மறந்தாரா, தெரிந்தே விட்டாரா என்பதை நான் கடைசிவரை கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை என்பதல்ல, இரண்டில் எது பதிலானாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று "வகுப்பைத் தொடருங்கள்" வரவில்லை. நான் சாக்பீஸை எடுக்காமல் நின்றேன். பக்கத்து வகுப்பிலும் சத்தமில்லை, மாடியிலும் இல்லை. அந்த நேரத்தில் எப்போதும் கிளம்பும் இரைச்சல் கட்டடத்தில் எங்குமே கிளம்பவில்லை. சன்னலோரத்துப் பெண் யாரையும் பார்க்காமல், ஏற்கெனவே கோடு போட்டிருந்த பக்கத்தில் அந்தக் கோட்டின் மேலேயே அளவுகோலை வைத்து மறுபடி கோடு போட்டாள். அழுதால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன்.

இரங்கல் கூட்டம் நடக்கவில்லை. கேரல் டிரம் இல்லாமல், தாத்தா இல்லாமல், நான்கு பாட்டோடு முடிந்தது. மேடம் தொடர்ந்து படகுச் செய்தி வாசித்தார். சேரவேண்டிய படகெல்லாம் சேர்ந்து, வாசிக்கப் பெயர் இல்லாமல் போன பிறகும், வணக்கம் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்துவார், அப்புறம்தான் அடுத்த அறிவிப்புக்குப் போவார். ஓய்வு பெறும் வரை அந்த இடைவெளி இருந்தது. முதல்வர் கொடுத்த தாளில் பெயர் இருந்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அவர் எழுதியது உண்மையாகிவிட்டது, ஆனாலும் என் மனம் இன்றுவரை அவர் பக்கம் சாய மறுக்கிறது.

மேடம் போன வாரம் இறந்துபோனார். அடக்கத்துக்குக் கடற்கரைக்குப் போனோம். அவருக்கு மணி அடித்தார்கள். நின்று நின்று, நெடுநேரம் அடித்தார்கள். தெருமுனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் குடும்பத்தார் பெயர்கள் இருந்தன. இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சிலுவை. அப்பா பெயருக்கு இருந்தது, அம்மா பெயருக்கு இருந்தது. தம்பி பெயருக்கு இல்லை.

என் பக்கத்தில் அதைப் பார்த்தபடி நின்றவள் அந்தச் சன்னலோரத்துப் பெண். இப்போது எங்கள் துறையிலேயே கௌரவ விரிவுரையாளர். திரும்பி வரும்போது பேருந்தில் சொன்னாள்: "சார், நான் ஒண்ணு செல்லுவேன், தப்பா நினைக்கப்பிடாது. மேடம் அன்னைக்கு அத வாசிச்சிருக்கலாம்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எங்கம்மை இப்பவும் வாசக் கதவுக்குக் கொண்டி போடாது. தெருவுல ஆரு நடந்தாலும் எழும்பி இருக்கும். அன்னைக்கே காலேஜ்ல செல்லியாச்சுன்னு ஆயிருந்தா ஒரு பாடு அழுது தீத்திருக்கும். நானும் அழுதிருப்பேன்."

"மேடத்துக்க மேல கோவமா மக்களே?" என்று மகளிடம் கேட்பதுபோல் கேட்டேன்.

"கோவம் இல்ல சார். வாசிச்சிருந்தா அன்னைக்கே அவங்கள வெறுத்திருப்பேன். அதையும் செல்லணும்லா."

மேடம் செய்தது சரி என்று இத்தனை ஆண்டுகள் நிம்மதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதியைப் பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

இப்போது கல்லூரிச் செய்தி எல்லாம் வாட்ஸ்அப்பில் வண்ணப் படமாக வந்துவிடுகிறது. ஆனாலும் காலை அறிவிப்பு நிற்கவில்லை. மேடம் ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான்தான் வாசிக்கிறேன். கைக்குட்டையையும் திங்கட்கிழமைதோறும் மாற்றுகிறேன், என் மனைவிக்கு இது பெரிய கேலி. இந்தத் திங்கட்கிழமை புதிய முதல்வர் ஒரு தாள் தந்தார். புதன்கிழமை பிற்பகல், முன்னாள் துணை முதல்வருக்கு இரங்கல் கூட்டம். குடும்ப விவரத்தில் தம்பி பெயருக்கு முன்னால் பேனாவால் 'மறைந்த' என்று சேர்த்திருந்தார். "அது இல்லன்னா தப்பாயிரும் சார்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, போன ஆண்டு வந்தவர்.

புதிய கைக்குட்டையைக் கட்டிவிட்டு வாசித்தேன். கபடி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், நூலகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பிறகு இரங்கல் கூட்டம். தம்பி பெயர் வந்தது. பேனாவால் எழுதியதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வாசித்தேன். சரியென்று தோன்றிச் செய்யவில்லை. மேடத்தின் மைக்கில், அவர் வாசிக்க மாட்டேன் என்றதை வாசிக்க எனக்கு நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். அடுத்து வழக்கமான கடைசி வரியைச் சொல்ல வேண்டும். மைக் திறந்திருக்கிறது, கட்டடம் முழுவதும் காத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் குரல் வரவில்லை.

வருகைப் பதிவேட்டை எடுக்க வந்த சன்னலோரத்துப் பெண் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது, பெயரை நான் எப்படி வாசித்தேன் என்பது அவள் காதில் விழுந்திருக்கும். உள்ளே வந்து என் தோளைத் தாண்டிக் குனிந்தாள். கைக்குட்டைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "இன்றைய அறிவிப்புகள் முடிந்தன" என்றாள். ஒரு மூச்சு நிறுத்தினாள். "வகுப்பைத் தொடருங்கள்."

பிறகு அவளே பொத்தானை அழுத்தி மைக்கை அணைத்துவிட்டு, பதிவேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.