போர்டு பார்க்கும்வரை மடக்காதே

மாவுக்கட்டைப் பிரித்து நான் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே வக்கீல் குமாஸ்தா ஆப்பிள் பையோடு அஸ்தினாபுரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். எண்பதுகளின் கடைசி அது. குரோம்பேட்டை மெயின் ரோட்டில் ஒரு வேன் இடித்து என் முழங்கால் சில்லு உடைந்ததிலிருந்து, சொந்தக்காரர்களைவிட அவர்தான் அதிகம் வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி அன்று காலைதான் சொல்லியிருந்தார். "வலிக்கும். அழுதுகிட்டாவது தினம் மடக்கணும். இப்ப விட்டுட்டா அப்புறம் மடங்காது."

வலிக்கு நான் பயப்படவில்லை. தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். காலால் மிதித்தால்தான் மெஷின் ஓடும். மெஷின் ஓடினால்தான் அண்ணன் வீட்டில் எனக்குத் தட்டில் சூடாகச் சோறு விழும்.

குமாஸ்தாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"மெடிக்கல் போர்டு பாக்கறதுக்குள்ள கால் மடங்கிச்சின்னா ஊனம்னு போடற பர்சன்டேஜ் பூடும்மா. நஷ்டஈடும் பூடும். போர்டு முடியட்டும். கால் இங்கதான கீது, எங்க ஓடிடப் போவுது?"

"கேட்டுகினியா?" என்றான் அண்ணன் என்னிடம்.

அதோடு ஆஸ்பத்திரிக்குப் போவது நின்றது. இன்சூரன்ஸ் ஆள் வேவு பார்ப்பான் என்று வாசல் கதவையும் சாத்திவைத்தார்கள். ஒருநாள் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு மடக்கிப் பார்த்தேன். கொஞ்சம் மடங்கியது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அண்ணி அதைப் பார்த்து அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

அன்றே அவன் பழைய பெஞ்சுப் பலகையை அறுத்து, என் காலின் இரண்டு பக்கமும் வைத்தான். அண்ணி தன் கிழிந்த புடவையால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"ஊட்ல அத்தினி பேரு ஒழைச்சும் ஒண்ணியும் ஆவல. உன் காலு ஒண்ணாவது சம்பாரிக்கட்டும்" என்றாள்.

துடைத்துவிட மட்டும் கட்டை அவிழ்ப்பாள்; அப்போதும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். கால் விறைத்துக் கிடந்தது. பலகையால்தான் விறைப்பு, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். இருவரையும் மனதார வெறுத்தேன். போர்டு தள்ளித் தள்ளிப் போனது. மழைக்காலம் வந்து போனது. அங்கே டாக்டர்கள் முன்னால் காலை நன்றாக மடக்கிக் காட்டப்போகிறேன், அண்ணன் முகம் செத்துப்போகும் என்கிற நினைப்பில்தான் எனக்குச் சோறு இறங்கியது.

அந்த நாளும் வந்தது. போர்டு அறை வாசலில்தான் அண்ணன் பலகையை அவிழ்த்தான். மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள்.

"மடக்கும்மா" என்றார் ஒருவர்.

நான் அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடக்கினேன். கால் அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி மடக்கினேன். பிறகு இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கினேன், குத்தினேன். கத்தினேன். டாக்டர் "போதும்" என்று எழுத ஆரம்பித்தார்.

வெளியே குமாஸ்தா கையெடுத்துக் கும்பிட்டார்.

"சோக்கா நடிச்சம்மா. அந்தக் கத்தல் ஒண்ணே போதும்."

அண்ணன் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்குத் திரும்ப ஆட்டோ பிடித்தோம். என் கால் குறுக்கே நீண்டு கிடந்ததால் அவனுக்கு உட்கார இடம் போதவில்லை.

"அதான் பாத்துட்டாங்களே, இன்னும் எதுக்கு நீட்டிகினு கீற?" என்றான். "காலை மடக்கு."