கிணற்றடிக்குத் திரும்பிய கமரா

யாழ்ப்பாணத்து வேலணையில் எங்கள் குடும்ப வீட்டில் இருப்பது நான்தான். வெளிநாட்டுச் சொந்தங்களின் ஆக்கினை தாங்காமல் வாசலில் கமரா பூட்டினேன். அப்போதும், "வளவு கூட்டினனீரோ? படலை பூட்டினனீரோ?" என்று ஓயாத அழைப்புகள். எரிச்சலில் கடவுச்சொல்லைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டு, "இனி நீங்களே பாருங்கோ" என்று எழுதினேன். குழுவில் நாற்பது பேர்.

கமராவைத் தெருப் படலையைப் பார்க்கத்தான் வைத்திருந்தேன். ஆனால் கடவுச்சொல் தெரிந்தவர் எந்த நாட்டிலிருந்தும் கைபேசியால் அதைத் திருப்பலாம்.

போன வாரம் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி விடாமல் அடித்தது. கனடாவிலிருந்து தம்பியின் மனைவி.

"மச்சாள், உடனை உள்ளுக்குப் போங்கோ. கமராவிலை கிணத்தடி தெரியுது."

"நீரோ திருப்பினது?"

"இல்லை மச்சாள். நான் திறக்கேக்கையே அது உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டது."

ஈரத்தோடு ஓடிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றினேன். பின்னேரமே குழுவில் கேள்விகள்: "கமரா ஏன் வேலை செய்யேல்லை? புதுப் பாஸ்வேர்ட்டைப் போடும்."

நாற்பது பெயர்களையும் மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் என்னை முறை சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். வீட்டுப் பூட்டின் திறப்பை ஒருவரிடமும் கொடுக்காத நான், என் கையாலேயே இவர்களை உள்ளே விட்டிருக்கிறேன். கமரா தானாகத் திரும்பாது.